அத்தான் பிடித்த பேர்ச் மீன்

அத்தானை ஒருநாள் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போ என்று அக்கா கேட்டபோது நான் முதலில் ஏலாது என்றுதான் சொன்னேன். அந்தச் சொல்லிலேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் எங்கள் அக்கா ஒன்றைக் கேட்டால் மூன்று தரம் கேட்பாள், நான்காவது தரம் அழுவாள். மூன்றாவது தரத்திலேயே நான் ஓம் என்றுவிட்டேன்.

நான் லண்டனில், வால்தம்ஸ்டோவில் ஒரு மருந்துக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள். டாக்டர் அனுப்ப மறந்த மருந்துச் சீட்டுக்கு ஏச்சு வாங்குவது நான். கம்பனி அனுப்பாத மாத்திரைக்கு ஏச்சு வாங்குவதும் நான். கிழமைக்கு ஆறு நாள் இது. ஞாயிறு பின்னேரம் சேர்ச்சில் தமிழ்ப் பூசை. பூசை முடிந்து ஹோலில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், நாற்பத்தெட்டு வயதாகியும் நான் ஏன் தனியாக இருக்கிறேன் என்று கேட்பதற்கென்றே சிலர் என் பக்கமாக வருவார்கள். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் எனக்கென்று இருந்தது ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து மத்தியானம் வரைக்கும்தான்.

மன்னாரில் பிறந்தவள் தூண்டில் போடுகிறாள் என்றதும், மீன்பிடிக் குடும்பமோ என்று கேட்பார்கள். எங்கள் அப்பா பாங்கில் கிளார்க். அவர் மீன் பிடித்தது சந்தையில், அதுவும் பேரம் பேசத் தெரியாமல். எனக்குத் தூண்டிலில் ஆசை வந்ததற்குக் காரணம் மீனே இல்லை. வாய்க்கால் கரையோரம் நடந்துபோகும்போது, பச்சைக் குடைக்குக் கீழே உலகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் பார்ப்பேன். ஒருவரும் அவர்களோடு கதைப்பதில்லை. ஏன் சும்மா இருக்கிறாய் என்று கேட்பதில்லை, ஏனென்றால் அவர்கள் மீன் பிடிக்கிறார்கள். அந்த முதுகுகளைப் பார்த்துத்தான் நான் போய் ஒரு தூண்டில் வாங்கினேன்.

பிறகு ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஏரியும், அதற்கு ஒரு கிளப்பும் இருப்பது தெரிய வந்தது. உறுப்பினராக வரிசையில் பெயரைக் கொடுத்துவிட்டு இரண்டரை வருடம் காத்திருந்தேன். கடைசியில் கார்ட் வந்தது. அதோடு ஒரு தாள் நிறைய விதிகளும் வந்தன. முதல் இரண்டு வருடம் தற்காலிக உறுப்பினர்தான். அந்த இரண்டு வருடத்துக்குள் நானோ நான் கூட்டிவரும் விருந்தாளியோ ஒரு விதியை மீறினாலும் கார்ட் போய்விடும், போனால் திரும்பக் கிடைக்காது. அந்தத் தாளை நான் மருந்துப் பெட்டிக்குள் வரும் துண்டை வாசிப்பது போல ஒரு வரியும் விடாமல் வாசித்தேன்.

விதிகளில் பெரியது ஏரி வாசல் கேற்றிலேயே போர்டில் எழுதியிருக்கும். பிடிக்கும் மீன் எல்லாவற்றையும் உயிரோடு தண்ணீருக்குள் திரும்ப விட வேண்டும். மீனைத் தரையில் போடக் கூடாது. ஈரப் பாயில் கிடத்தி, ஈரக் கையால் பிடித்து, தூண்டில் முள்ளைக் கழற்றி, வலையோடு இறக்கி, அது தானாக நீந்திப் போகும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பூசைக்குப் பிறகு ஒருவர், "அப்ப மீனுக்குச் சுகம் விசாரிச்சிட்டு வாறீங்களோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். என்னத்தைச் சொல்வது.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஜெர்மனியில் இருபத்தாறு வருடம் இருந்தவர். இரும்புத் தொழிற்சாலையில் பத்துப் பேரை மேய்த்தவர். பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்க வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றதால், ஐரோப்பாக்காரருக்கு இங்கே கதவு சாத்தப்படுவதற்குக் கொஞ்சம் முன்னர், வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு லண்டனில் பார்க்கிங் பகுதிக்கு வந்துவிட்டார். இங்கே அவருடைய ஜெர்மன் மொழி ஒருவருக்கும் தேவைப்படவில்லை; இங்கிலீஷ் வாசித்தால் விளங்கும், கதைக்கத்தான் வராது. சொந்தக்காரர் ஒருவரின் பலசரக்குக் கடையில் அரிசி மூட்டை அடுக்குகிறார். வீட்டுக்கு வந்தால் கதிரையை விட்டு எழும்புவதில்லை, பிள்ளைகள் இங்கிலீஷில் கதைத்துச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அக்கா என்னிடம் வந்தாள்.

"அங்க இருக்கேக்க ஒவ்வொரு சனியும் தூண்டிலோட போற மனுசன்டி. சோதினை எல்லாம் எழுதிப் பாஸ் பண்ணினவர்" என்றாள்.

இது உண்மை. ஜெர்மனியில் தூண்டில் போடுவதற்குப் பரீட்சை இருக்கிறது. மீனின் நோய், மீனின் செட்டை, எந்த மீனை எந்த மாதம் தொடக் கூடாது, பிடித்த மீனை எப்படி நோகாமல் கொல்வது என்று எல்லாம் கேட்பார்கள், ஜெர்மனில். அத்தான் இரண்டு தரம் கோட்டை விட்டு மூன்றாவது தரம் பாஸ் பண்ணினார். அந்த அட்டையை லமினேற் செய்து இன்றைக்கும் சட்டையின் உள் பொக்கற்றில் வைத்திருப்பார். நான் இங்கே லைசென்ஸ் எடுத்த கதையைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "போனில காசைக் கட்டினால் தந்திடுவினமோ? ஒரு கேள்வியும் கேக்கமாட்டினமோ?" என்றார். கேட்கமாட்டார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

போன வருடம் மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு அவரைக் கூட்டிப் போனேன். அது பேர்ச் மீனுக்கான நேரம். பச்சை உடம்பில் கறுப்புக் கோடு போட்டு, அடிச் செட்டைகள் சிவப்பாக, முதுகில் முள்விசிறி நிற்கிற மீன் அது. ஏப்ரலில் தண்ணீருக்குள் விழுந்து கிடக்கும் கொப்புகளில் முட்டைகளை நாடா நாடாவாகச் சுற்றிவிட்டுப் போகும். போனபிறகு கொஞ்ச நாளைக்கு ஒன்றையும் தொடாது. நல்ல புழுவை மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் ஆட்டினாலும் திரும்பிப் பார்க்காது. பிள்ளை பெற்றவளிடம் போய்ச் சாப்பிடு சாப்பிடு என்று நின்ற மாதிரி, அந்த நாட்களில் நான் கரையில் நின்று வெறுத்துப் போயிருக்கிறேன். பிறகு ஒருநாள் திடீரென்று பசி வரும். கரைக்குக் கிட்ட, கொப்பு முடிந்து ஆழம் தொடங்கும் இடத்தில் கூட்டமாக நின்று குஞ்சு மீன்களை விரட்டத் தொடங்கும். அந்த இரண்டு மூன்று கிழமையைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

அந்த இடத்தில் ஒரு பெரிய பேர்ச் இருந்தது. விழுந்து கிடந்த வில்லோ மரத்துக்குப் பக்கத்தில் அதை நான் இரண்டு தரம் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு தரம் என் முள்ளில் மாட்டி, வலையை எடுப்பதற்குள் கழன்று போய்விட்டது. அன்றைக்குப் பூசை முழுக்க எனக்கு அந்த மீன்தான். ஆண்டவர் மன்னிப்பார்.

கேற்றைத் திறக்கும்போது அத்தான் போர்டுக்கு முன்னால் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கனநேரம் நின்றார். எனக்கு அவசரம். விடியற்காலை வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "வாங்கோ அத்தான், மீன் எங்களுக்காக நிக்காது" என்று கூப்பிட்டேன். வந்தார். கையில் ஒரு நீலக் குளிர்ப்பெட்டி. அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாடு என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும். எத்தனையைத்தான் கேட்பது?

உட்கார்ந்ததும் அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை, உது முட்டை போட்டு முடிஞ்சுதோ?"

எனக்குச் சரியான எடுப்பு. யாராவது ஒருவர் என்னிடம் மீனைப் பற்றிக் கேட்கிறாரே.

"முடிஞ்சு மூண்டு கிழமை, அத்தான். இப்ப நல்லாச் சாப்பிடுற நேரம்" என்றேன்.

"வடிவாத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியும்."

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் புழுவைக் கோர்த்தார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அரை மணித்தியாலம் ஆகியிருக்காது. அவருடைய மிதவை ஒருதரம் தலையாட்டி, சரிந்து, தண்ணீருக்குக் கீழே போனது. நான் இரண்டு வசந்தமாகக் காத்துக் கிடந்த அந்தப் பெரிய பேர்ச், முதல்நாள் வந்த ஆளின் தூண்டிலில் ஏறியது. எரிச்சல் வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் வலையைப் பிடித்து நான்தான் கரைக்கு எடுத்தேன். என்ன மீன்! முதுகு முள்ளை விரித்துக்கொண்டு என்னைப் பார்த்து முறைத்தது. அத்தான் பொக்கற்றிலிருந்து அளவுநாடாவை எடுத்து மூக்கிலிருந்து வால் வரைக்கும் பிடித்து, "சைஸ் காணும்" என்றார். எல்லோரும்தானே அளப்பார்கள். நான் ஈரப் பாயை எடுக்கப் பையின் பக்கம் திரும்பினேன்.

டக் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். மீன் அசையவில்லை. அத்தான் கையில் ஒரு சின்னத் தடி. மற்றக் கையால் கத்தியை எடுத்துச் செட்டைக்குக் கீழே ஒரு இடத்தில் குத்தினார். பத்துச் செக்கன்கூட இல்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்தார், உள்ளே முழுக்க ஐஸ்.

"நோகேல்லை அதுக்கு. ஒரு அடி, ஒரு குத்து. இதுதான் முறை" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

பையை அப்படியே விட்டேன். கத்தினேன்.

"அத்தான்! போர்டைப் பாக்கேல்லையோ? அவ்வளவு நேரம் முன்னால நிண்டீங்களே!"

"வாசிச்சனான்."

"வாசிச்சிட்டோ இப்பிடிச் செய்தனீங்கள்?"

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே ஆறுதலாகச் சொன்னார். "வாசிச்சிட்டு யோசிச்சனான். அங்க ஜெர்மனியில பிடிச்சிட்டு விட்டால்தான் குற்றம், பிள்ளை. சும்மா விளையாட்டுக்கு ஒரு சீவனைக் கொழுவி இழுத்து, போட்டோ எடுத்திட்டு விடுறது வதை. தின்னுறதெண்டால் பிடிக்கலாம், இல்லையெண்டால் தூண்டிலைத் தொடக்கூடாது. முட்டை போட்டு முடிஞ்சுதோ எண்டு உம்மட்டக் கேட்டனான். முடிஞ்சுது எண்டீர். சைஸும் காணும். பிறகென்ன?"

அதாவது குற்றத்தில் பாதி என்னுடையது. நான் அவருக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

எதிர்க் கரையில் ஒரு உறுப்பினர் தூரக்கண்ணாடியால் பறவை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் போன் அடிக்க, ஏரிக்குப் பொறுப்பான காவல்காரர் புல்லை மிதித்துக்கொண்டு வேகமாக வந்தார். பென்சன் எடுத்த மனுசன், சம்பளம் இல்லாமல் அந்த ஏரியைப் பார்த்துக்கொள்பவர். குளிர்ப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அந்த மீனை அவருக்கு ஆறு வருடமாகத் தெரியுமாம், வாலில் ஒரு சின்னக் கிழிசல் இருக்குமாம். கண் கலங்கிவிட்டது அவருக்கு. என் கவுண்டருக்கு முன்னால், செத்துப்போன புருசனின் மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுக்க வருகிற பெண்கள்கூட அப்படி நிற்பதில்லை. அத்தானுக்கும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"பாதி வேணுமோ எண்டு கேளும்" என்றார் என்னிடம்.

நான் கேட்கவில்லை. காவல்காரர் மீனை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டார். என் கார்டையும் வாங்கிக்கொண்டார். குழுவிலிருந்து கடிதம் வரும் என்றார்.

வரும் வழி முழுக்க அத்தானுக்குக் கார்டைப் பற்றிக் கவலை இல்லை. அந்த மீனை அந்த ஆள் என்ன செய்வான் என்பதுதான் கவலை. "தின்னமாட்டான், பிள்ளை. நான் பாத்தனே அவன்ர முகத்தை. தின்னமாட்டான்" என்று சிக்னலுக்குச் சிக்னல் சொல்லிக்கொண்டு வந்தார். என் பொறுமை எந்தச் சிக்னலில் போனது என்று ஞாபகம் இல்லை. "வாயை மூடிக்கொண்டு காரை ஓடுங்கோ" என்று அக்காவின் புருசனிடம் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தரம்.

கடிதம் வந்தது. விசாரணை வரைக்கும் ஏரிக்கு வரக் கூடாது. நடுவில் இரண்டு ஞாயிறு. முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கே போன் அடித்தது. நான் இப்போது வீட்டில்தான் நிற்கிறேன் என்று எப்படியோ தெரிந்து, சேர்ச் திருவிழாவுக்கு நூறு றோல்ஸ் பலகாரம் சுருட்டித் தர ஏலுமோ என்று பூசைக்கு வருகிறவர்கள் கேட்டார்கள். சுருட்டினேன். இரண்டாவது ஞாயிறு அக்கா வந்திருந்து, ஒரு மீனுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமோ என்று மூன்று மணித்தியாலம் கதைத்தாள். எனக்கு அழுகை வந்தது. மீனுக்காக இல்லை. அந்த ஆறு மணித்தியாலம் இல்லாமல் என்னால் மற்ற நாட்களைத் தள்ள முடியாது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கார்ட் எனக்கு வேண்டும், எப்படியாவது வேண்டும்.

விசாரணை ஒரு சனிக்கிழமை காலை, கடைக்கு லீவு எடுத்தேன். நான் தனியாகத்தான் போவதாக இருந்தேன். அத்தான் விடவில்லை. "செய்தது நான். நான்தான் கதைக்கோணும்" என்றார். கலியாண வீட்டுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கையில் ஒரு பைல். அதற்குள் ஜெர்மன் சட்டத்தின் பிரின்ற், லமினேற் அட்டையின் கொப்பி, தொழிற்சாலை கொடுத்த நற்சான்றிதழ்கூட. அதை எதற்கு என்று நான் கேட்கவில்லை. தலையிடிக்கு இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினேன்.

ஒரு மண்டபத்தின் பின் அறை. மூலையில் யோகாப் பாய்கள் சுருட்டி வைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: தலைவர், செயலாளர் அம்மா, அந்தக் காவல்காரர். ஏசுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். ஏசவில்லை. தலைவர் தங்கமான மனுசன். எங்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டார், தேத்தண்ணி தந்தார். அதுதான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது.

அத்தான் முதலில் கேட்டது என்னிடம். "மீன் எங்கையாம்?"

நான் இங்கிலீஷில் கேட்டேன். காவல்காரர் மேசையைப் பார்த்துக்கொண்டு, குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

அதை நான் தமிழில் சொல்லத் தேவைப்படவில்லை. அத்தானுக்கு விளங்கிவிட்டது. அவர் முகம் மாறியது. "அப்ப அது சும்மாதானே செத்தது" என்றார் மெதுவாக. "கொலைகாரர் ஆர் எண்டு கேளும்."

"என்ன சொல்கிறார்?" என்று தலைவர் கேட்டார்.

"வருத்தமாக இருக்கிறதாம்" என்றேன்.

தலைவர் தலையாட்டிவிட்டு, என் பக்கம் சாய்ந்து, குரலை இறக்கிச் சொன்னார். விதி விதிதான், வேண்டுமென்று செய்திருந்தால் கார்டைத் திருப்பித் தருவதற்கு வழியே இல்லை. ஆனால் உங்கள் அத்தானுக்கு அந்தப் போர்டை வாசிக்க முடியாமல் இருந்திருந்தால் அது வேறு விஷயம். அப்படியென்றால் இது ஒரு விபத்து. எங்கள் பக்கமும் பிழை இருக்கிறது, இங்கிலீஷ் தெரியாத ஆட்களுக்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே. "அவருக்கு வாசிக்கத் தெரியுமா?"

மூன்று பேரும் அன்பாக அத்தானைப் பார்த்தார்கள். எனக்குக் கேற் திறந்திருப்பது தெரிந்தது.

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, பைலைத் திறந்து, தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னார். "சொல்லும் பிள்ளை. நான் வாசிச்சனான் எண்டு சொல்லும். ஒவ்வொரு சொல்லும் விளங்கினது. விளங்கித்தான் செய்தனான். வாசிக்கத் தெரியாத ஆள் இல்லை நான், சோதினை பாஸ் பண்ணின ஆள். பிழை எண்டால் தண்டனையை எனக்குத் தரட்டும், உமக்கில்லை. ஆனா சீவனை வைச்சு விளையாடுறது சரியோ எண்டு அவையளை ஒருக்கா யோசிக்கச் சொல்லும்."

அவ்வளவையும் நான் கேட்டேன். இன்றைக்கும் ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. ஞாயிறு காலைகள் ஒன்றன்பின் ஒன்றாக என் கண்ணுக்கு முன்னால் வந்தன. றோல்ஸும் வந்தது. இந்த மனுசன் வாழ்க்கையில் ஒரு தரம், ஒரே ஒரு தரம், வாயைக் கொடுக்காமல் இருக்கக் கூடாதா என்று பற்றிக்கொண்டு வந்தது. தலைவர் பக்கம் திரும்பினேன்.

"அவர் மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன் இங்கிலீஷில். "அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்கவில்லையாம். நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்."

தலைவருக்கு நிம்மதி. செயலாளர் அம்மா எழுதிக்கொண்டா. காவல்காரர் மட்டும், அத்தானை நேரே பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, செவிடனுக்குச் சொல்வது போலச் சத்தமாகக் கேட்டார். "அது சரியா, சேர்? உங்களுக்கு வாசிக்க முடியவில்லையா?"

அத்தான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். இருக்கவில்லை. நான் செய்ததை விளங்கிக்கொண்டார், ஏன் செய்தேன் என்பதையும் விளங்கிக்கொண்டார். பைலை மூடினார்.

"யெஸ்" என்றார். "சாரி."

கார்டை அங்கேயே தந்தார்கள். தலைவர் அத்தானின் தோளில் தட்டினார். வரும் வழியில் அவர் ஒரு சிக்னலிலும் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டு வாசலில் காரை நிற்பாட்டி, "உம்மட கார்ட் வந்திட்டுதுதானே. சந்தோசம்" என்றார். குத்திக் காட்டவில்லை, சத்தியமாகச் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏசியிருக்கலாமே என்று கதவை அடித்துச் சாத்தினேன்.

ஒரு மாதம் கழித்துக் கேற்றில் புதுப் போர்டு ஒன்று வந்தது. எழுத்தே இல்லை. ஒரு மீன், ஒரு கத்தி, இரண்டுக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. செயலாளர் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா. உங்கள் அத்தானைப் போன்றவர்களுக்காகச் செய்தது என்றா, அவ்வளவு சந்தோசத்தோடு. நன்றி என்றேன். அன்றையிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். உலகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறேன். முதுகில் அந்தப் போர்டு இருக்கிறது. பேர்ச் பிடிக்கிறேன், விடுகிறேன்.

அத்தான் பிறகு தூண்டிலைத் தொடவில்லை. கதிரையிலேயே இருக்கிறார் என்று அக்கா சொன்னாள். சட்டைப் பொக்கற்றிலிருந்து அந்த அட்டையையும் எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாராம். அதை அக்கா ஏதோ துப்புரவாக்கின கதை மாதிரிச் சொன்னாள்.

இந்த வருடம் மே மாதம், பேர்ச் முட்டையிட்டு முடிந்து பசியோடு திரியத் தொடங்கிய கிழமையில், எனக்குத் தாங்கவில்லை. வேலை முடிந்து வந்து இரண்டு பின்னேரம் அத்தானுக்கேற்ற ஒரு இடத்தைத் தேடினேன். லண்டனுக்குத் தெற்கே, ஒரு மணித்தியால ஓட்டத்தில், வேறொரு மீனுக்கான குளம் ஒன்று இருந்தது. அங்கே சட்டமே மறுபக்கம். பிடித்த மீனை விடக் கூடாது. முறையாகக் கொன்று வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அத்தானுக்கென்றே யாரோ எழுதி வைத்த விதி. அதைப் பிரின்ற் எடுத்துக்கொண்டு சனி பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அவர் கதிரையில் இருந்தார். நான் மூச்சுவிடாமல் சொன்னேன். நாளைக்கே போவோம், ஏரியும் வேண்டாம், பூசையும் ஒருநாள் வேண்டாம், நான் கார் ஓடுகிறேன், ஐஸும் நானே கொண்டு வருகிறேன். தாளை அவர் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் அதை முதல் வரியிலிருந்து வாசித்தார். அவசரமில்லாமல் வாசித்தார். பக்கத்தைத் திருப்பினார். "ஒராளுக்கு ரெண்டு மீன்தானாம்" என்றார். பிறகு கடைசி வரைக்கும் போய், அடியில் சின்ன எழுத்தில் இருந்ததையும் வாசித்து முடித்து, தாளை நாலாக மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

"நல்ல இடம்தான், பிள்ளை. நீர் போய்ட்டு வாரும்" என்றார். "அங்கயும் வாசலில ஒரு போர்டு வைச்சிருப்பினம். ஆர் எனக்கு வாசிச்சுச் சொல்லுறது?"